சேதுவின் பெயரில் ஒரு கோப்பை!

தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ கடற்கரை மணலில் பந்து விரட்டும் பையன்களின் முதுகைப் பாருங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மர்... தப்பே இல்லை. அவர்களுடைய அப்பாக்களும் ஒரு காலத்தில் மாரடோனா போஸ்டர் ஒட்டியவர்கள்தான். ஆனால், சேதுச் சீமையின் பெயரைச் சூடிய ஓர் அணி இந்தியாவின் தேசிய லீக் கோப்பையையே வென்றிருக்கிறது என்று சொன்னால், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அது பெண்கள் அணி என்றால், மீதிப் பேரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

2019 மே 22. பஞ்சாபின் லூதியானா, குருநானக் ஸ்டேடியம். இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிப் போட்டி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் சாய்த்து சாம்பியன் ஆனது சேது எஃப்.சி. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கிளப். காரியாபட்டி அருகே இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் பெயர்தான் அணிக்கும். பெயரை எங்கிருந்து எடுத்தாலும், அது ராமேஸ்வரம் தீவுக்கும் சேதுபதிகளின் ராமநாதபுரத்துக்கும் சொந்தமான சொல்தானே!

இன்னொரு சேதி. அதற்குச் சரியாக 74 நாள்களுக்கு முன்புதான், மார்ச் 9 அன்று, கோவையில் சென்னை சிட்டி எஃப்.சி ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தை வென்றிருந்தது. ஒரே ஆண்டு, ஒரே மாநிலம், இரண்டு தேசியப் பட்டங்கள். கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் மெரினாவில் இடம் கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு இந்த இரண்டு அணிகளுக்கும் நடந்ததுதான், கால்பந்து ஆடும் பிள்ளை வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

18 நாள் லீக்

அன்றைய பெண்கள் லீக் இன்று நாம் டி.வி-யில் பார்க்கும் மாதக்கணக்கான லீக் அல்ல. மே 5 முதல் 22 வரை, ஒரே ஊரில், மே மாத வட இந்திய வெயிலில், லீக் சுற்று, அரையிறுதி, இறுதி எல்லாம் 18 நாள்களுக்குள் முடிந்துவிட்டன. இந்த மாதிரிப் போட்டியில் 11 பேர் நன்றாக ஆடினால் போதாது. 14-வது, 15-வது ஆளும் தேறியவராக இருக்க வேண்டும். ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் குணமாவதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

சேது என்ன செய்தது? முதுகெலும்பைத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. கடலூர் பக்கத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். 2018-ல் கட்டாக்கில் நடந்த சீனியர் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அசைக்க முடியாதது என்று பெயரெடுத்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல்முறையாகப் பட்டம் வென்றதே, அந்தப் பரம்பரை.

அதன் மேல் நட்சத்திரங்களைச் சேர்த்தார்கள். நேபாளத்தின் கோல் இயந்திரம் சபித்ரா பண்டாரி. மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி. ரத்தன்பாலாவின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: இறுதிப் போட்டியில் எதிரே நிற்பது சொந்த மாநிலத்து போலீஸ் அணி; இவர் உடுத்தியிருப்பதோ சேதுவின் சட்டை. தொழில்முறை விளையாட்டு என்றால் அதுதான்.

கோப்பை வந்தது. அடுத்த சீசனிலேயே சபித்ரா கோகுலம் கேரளாவுக்குப் போய்விட்டார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான், பட்டமும் கோகுலத்துக்கே. தொடர்ந்து மூன்று சீசன்கள் கோகுலத்தின் ராஜ்ஜியம். 2022 மே மாதம் புவனேஸ்வரில், அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத சேதுவும் கோகுலமும் கடைசி நாளில் மோதின. யார் ஜெயித்தாலும் பட்டம். 3-1 என்று கோகுலம் ஜெயித்தது. சபித்ரா பின்னாளில் இஸ்ரேல், பிரான்ஸ் என்று போய் ஐரோப்பிய லீக்குகளில் ஆடினார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆடும் காலம் பத்து வருஷமோ, பன்னிரண்டு வருஷமோ. அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு.

சேது அதோடு சோர்ந்துவிடவில்லை. 2023-24-ல் லீக், சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம், எதிரணி மைதானத்தில் ஓர் ஆட்டம் என்ற முறைக்கு மாறியது. பயணச் செலவு, தங்கும் செலவு எல்லாம் கூடியது. சேது இருந்தது. ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய பணம் உள்ளே வந்து அடுத்தடுத்துப் பட்டங்களைத் தட்டிச் சென்றபோதும் லீக்கில் சேது இருந்தது. மறுபடி கோப்பை வரவில்லை. ஆனால், தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு தேசிய லீக் அணி இருக்கிறது.

கோவையின் ஒரு வருஷத்து வசந்தம்

சென்னை சிட்டியின் கதை வேறு. 2017-18 சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த சீசனுக்கு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, நம் ஊரில் யாருக்கும் பெயர் தெரியாத ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தடுப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா. கூடவே எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற இளைஞர்கள். பெயருக்காக வாங்கப்பட்ட நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. சேர்ந்து ஆடி நட்சத்திரமானவர்கள் இவர்கள்.

மான்ஸி மட்டும் 21 கோல். இருந்தும், பட்டம் யாருக்கு என்பது கடைசி நாள் வரை இழுத்தது. மினெர்வா பஞ்சாபுடன் கோவையில் ஆட்டம். ஜெயித்தால் பட்டம்; தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினெர்வா கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு இரண்டு கோல்கள் அடித்துப் பட்டத்தை வாங்கித் தந்தவர் யார் தெரியுமா? கௌரவ் போரா. ஒரு தடுப்பாட்டக்காரர்! 20 ஆட்டங்களில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி.

சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி பாஸல் கிளப் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. ஆசியப் போட்டிக்குத் தகுதி. இனி என்ன வேண்டும் என்று தோன்றியது. ஓராண்டுக்குள் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பெரிய லீக்குக்குப் போனார்கள். கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

பணக்கார லீக்கான ஐ.எஸ்.எல்-லிலும் இதே ஏற்ற இறக்கம்தான். மத்தெராஸி காலத்தில், ஊரே வெள்ளத்தில் மிதந்த 2015 டிசம்பரில், சென்னையின் எஃப்.சி கோவாவை 3-2 என்று கடைசி நிமிடங்களில் கவிழ்த்துப் பட்டம் வென்றது. 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே போய் பெங்களூரு எஃப்.சி-யை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது பட்டம். அதற்கு அடுத்த சீசனில்? புள்ளிப் பட்டியலில் கடைசி இடம்! 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் அந்த லீக்கே நிறுத்திவைக்கப்பட்டபோது, கோடிகளில் புரண்ட ஆட்டக்காரர்களுக்கே அடுத்த சம்பளம் எப்போது என்று தெரியவில்லை.

ஐந்து பேர் ஆட்டம், பதினோரு பேர் ஆட்டம்

நட்சத்திரத்தை வாங்கினால் கோப்பை வருமா என்ற கேள்விக்குக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். அமெரிக்க என்.பி.ஏ-வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். பெரிய நட்சத்திரம் அதில் முக்கால் பங்கு நேரம் களத்தில் இருப்பார், தாக்குவார், தடுப்பார். அணியில் ஐந்தில் ஒரு பங்கு அவரே. கால்பந்தில் பதினொன்றில் ஒருவர். முன்களத்தில் நிற்கும் மன்னன், பந்து வராமல் பத்து நிமிடம் சும்மா நிற்க நேரலாம்.

அதற்காகக் கூடைப்பந்தில் நட்சத்திரங்களைக் குவித்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. டுரான்ட், ஹார்டன், இர்விங் என மூன்று ராட்சசர்களை ஒன்றுசேர்த்த புரூக்ளின் அணிக்காக, வழக்கமான சீசன் ஆட்டங்களில் மூவரும் சேர்ந்து இறங்கியது வெறும் 16 முறை. காயம், சச்சரவு, பிரிவு. பட்டம் இல்லை. 2023-ல் பட்டம் வென்ற டென்வரின் நிக்கோலா யோகிச்சோ, 2014 தேர்வில் 41-வதாக எடுக்கப்பட்டவர். அவர் பெயர் வந்த நேரத்தில் அமெரிக்க டி.வி-யில் ஏதோ தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம்! கால்பந்திலும் அப்படித்தான். மெஸ்ஸி, நெய்மர், எம்பாப்பே மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு சீசன்களில் பாரீஸ் அணியால் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியைக்கூடத் தொட முடியவில்லை. மூவரும் போன பிறகு, 2025 மே மாதம், இன்டர் மிலனை 5-0 என்று நொறுக்கிக் கோப்பையைத் தூக்கியது.

மூன்று பக்கமும் கால்பந்து

இனி நம் கரைக்கு வருவோம். வரைபடத்தில் ராமநாதபுரத்தைச் சுற்றிப் பாருங்கள். வடக்கே கடலூர், இந்துமதியும் சந்தியாவும் அங்கிருந்துதான் வந்தார்கள். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரம். அங்குள்ள இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊரிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் மின்னி, ஐ.எஸ்.எல்-லுக்குப் போய், 2020-ல் ஏ.டி.கே அணியோடு பட்டம் வென்றார். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது நம் சென்னையின் எஃப்.சி என்பது சின்ன வருத்தம். கிழக்கே, தனுஷ்கோடிக்கு அக்கரையில், மன்னார். இலங்கை தேசிய அணிக்காக ஆடி, மாலத்தீவு லீக்கில் தொழில்முறை வீரராக இருந்து, 2022-ல் அங்கேயே இளவயதில் இறந்துபோன டக்சன் பியூஸ்லஸ் மன்னார்க்காரர்.

மூன்று பக்கமும் அதே கடல், அதே வலை, அதே மீன் குழம்பு. நடுவில் இருக்கும் நம் கரையிலிருந்து மட்டும் சூசைராஜ் அளவுக்குப் பெயர் பெற்ற ஒருவர் இன்னும் வரவில்லை. உடல் வாகு குறைவா? தோள்வலிக்க வலை இழுக்கிற, இறங்கு மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு அப்படி ஒரு குறை இருக்க முடியாது. கபடியிலும் கைப்பந்திலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் காட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

தூத்தூர் பக்கத்தில் இருப்பதும் இங்கே குறைவாக இருப்பதும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: தொடர்ச்சி. அங்கே ஊருக்கு ஊர் கிளப், வருஷா வருஷம் போட்டி, அண்ணன் ஆடிய சட்டையைத் தம்பி போடுவது. பக்கத்திலேயே கேரளம், பந்து ஆடத் தெரிந்த பையனுக்குக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் செவன்ஸ் ஆட்டங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மணல் முழுக்கப் பந்து உருளும். தடை முடிந்து படகு இறங்கினால் அண்ணன்மார் கடலுக்கு, தம்பிகள் பள்ளிக்கு, பந்து பரணுக்கு. 12 வயதில் நன்றாக ஆடிய பையன் 16 வயதில் யாரோடு, எந்தப் போட்டியில் ஆடுவான்? கிளப்காரர்கள் ஆள் தேடுவது அந்த வயதில்தான்.

வீட்டில் கேட்கும் கேள்வியும் நியாயமானதே. “ஆடினா சோறு கிடைக்குமா?” சென்னை சிட்டியின் கதையைக் கேட்ட பிறகு யாரும் உடனே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இந்துமதி இன்று தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். பெண்கள் கூடைப்பந்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரைக்கு ரயில்வே வேலை கொடுத்தது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. கிளப் மூடினாலும் அந்த வேலை நிற்கும். அதற்கு மாவட்ட, மாநில அளவில் ஆடிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தெருப் போட்டியில் வாங்கிய சில்வர் குடம் உதவாது.

அந்தச் சான்றிதழுக்கான முதல் படி தூரத்தில் இல்லை. முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கால்பந்தும் கூடைப்பந்தும் பட்டியலில் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. வயதைச் சரிபார்ப்பார்கள் என்பதால் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விவரம் கேட்க ராமேஸ்வரத்திலிருந்து பஸ் ஏறினால், இறங்க வேண்டிய இடம் ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம்.