அணை கட்ட வந்தார்கள். காட்டையே தானம் கொடுத்தார்: மியூர் வுட்ஸ் உருவான கதை

பொதுப் பயன்பாட்டுக்கு என்று சொல்லி நம் நிலத்தைக் கையகப்படுத்த வந்தால் என்ன செய்வோம்? வக்கீலைத் தேடுவோம், இழப்பீட்டைக் கூட்டிக் கேட்போம். 1907-ல் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் கென்ட், நிலத்தையே தானமாகக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அந்தக் காடு இன்றும் நிற்கிறது.

யாருடைய நிலம்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டாமல்பைஸ் மலையடிவாரப் பள்ளத்தாக்கு அது. சுற்றுவட்டாரத்தில் ரெட்வுட் மரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட, இங்கே மட்டும் 250 அடி உயர மரங்கள் தப்பியிருந்தன. 1905-ல் கென்ட்டும் மனைவி எலிசபெத்தும் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள், அதுவும் கடன் வாங்கி. கைப்பணம் எல்லாம் போனாலும் மரங்கள் பிழைத்தால் போதாதா என்று மனைவியிடம் கென்ட் கேட்டாராம்.

சிக்கல் எப்படி வந்தது?

இரண்டே வருடத்தில் ஒரு தண்ணீர் கம்பெனி வந்தது. பள்ளத்தாக்கில் அணை கட்டி நீர்த்தேக்கம் அமைக்க, நிலத்தைக் கையகப்படுத்தக் கோரி வழக்குப் போட்டது. குடிநீர் என்பதால் சட்டம் கம்பெனிக்குச் சாதகமாக இருந்தது.

கென்ட் கண்டுபிடித்த வழி என்ன?

1906-ல் வந்த தொல்சின்னச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே தேசியச் சின்னத்தை அறிவிக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தந்தது. தனியார் தானமாகத் தரும் நிலத்தையும் அரசு ஏற்கலாம். கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கு எழுதிக்கொடுத்தார். 1908 ஜனவரி 9-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவிப்பில் கையெழுத்திட்டார். நிலம் மத்திய அரசுடையதாகிவிட்டதால் கம்பெனியால் அதைத் தொட முடியவில்லை. தனியார் தானமாகக் கொடுத்த நிலத்தில் உருவான முதல் தேசியச் சின்னம் இதுதான்.

கென்ட் பெயரையே வைக்க ரூஸ்வெல்ட் விரும்பினார். தன் பெயரைச் சொல்ல ஐந்து மகன்கள் இருக்கிறார்கள் என்று மறுத்த கென்ட், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரின் பெயரையே வைக்கச் சொன்னார்.

பிறகு என்ன ஆனது?

1913-ல் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில், சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அணை கட்டும் திட்டம் வந்தது. மியூர் கடுமையாக எதிர்த்தார். நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்த கென்ட்டோ ஆதரித்தார்! தேசியப் பூங்கா என்ற பெயர் இருந்தும் அந்தப் பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போனது.

பூங்காக்களைக் கவனிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. 1916-ல் தேசியப் பூங்கா சேவை சட்டமானது. அந்த மசோதாவை அவையில் கொண்டுவந்தவரும் இதே கென்ட்தான்.