சுவரை அறுப்பது நொதி, செல்லை உடைப்பது நீர்

பாக்டீரியாவின் உள்ளிருக்கும் புரதத்தையோ டி.என்.ஏ.வையோ வெளிக்கொணர்வதற்கான ஒலியதிர்வு முறையும் உயரழுத்த முறையும் வலுவையே நம்புபவை. அவற்றில் செல் உடைவது உறுதி என்றாலும், கரைசல் சூடேறி நுட்பமான புரதங்கள் திரிந்துபோவதும், நீண்ட டி.என்.ஏ. இழைகள் துண்டுதுண்டாக அறுபடுவதும் கூடவே நேர்கின்றன. இந்த இழப்பைத் தவிர்க்க விரும்புவோர் நாடும் வழி, செல்சுவரை நொதிகளைக் கொண்டு திறப்பது. இதனை ‘நொதியால் உடைத்தல்’ என்று குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் நொதி சுவரின் இழைகளை அறுப்பதோடு நின்றுவிடுகிறது, அதன்பின் செல்லை வெடிக்கச் செய்வது நீரே.

பெரும்பாலான பாக்டீரியாக்களில், செல்சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைக்கான் என்னும் பின்னல் ஒன்று செல் முழுவதையும் சூழ்ந்திருக்கிறது. என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் ஆகிய இரு சர்க்கரைகள் மாறிமாறிக் கோக்கப்பட்ட சங்கிலிகளை, அமினோ அமிலங்களாலான குறுந்தொடர்கள் குறுக்கே பிணைப்பதால் உண்டாகும் வலை அது. செல்லுக்குள் கரைபொருள்கள் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் சவ்வூடு பரவல் மூலம் ஓயாமல் உள்ளே புக முயல்கிறது. சுவர் தடித்த இனங்களில் இவ்வாறு எழும் உள்ளழுத்தம் 20 வளிமண்டல அழுத்தம் வரைகூடச் செல்லும். கார் டயருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கான இந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அந்த வலைதான், உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு அன்று.

அவ்வலையை அறுக்கும் நொதியை 1921-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்து, மறு ஆண்டில் வெளியிட்டார். தமக்குச் சளி பிடித்திருந்தபோது மூக்குநீரைச் சோதித்த அவர், மஞ்சள் நிற மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவின் கலங்கிய கரைசல் அதனால் தெளிந்துவிடுவதைக் கண்டார். பின்னர் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டை வெண்கருவிலும் அதே ஆற்றல் தென்பட்டது. சோதனைக்கு வேண்டிய கண்ணீருக்காக ஆய்வகத்தினர் எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் பிழிந்துகொண்டதும் உண்டு. லைசோசைம் எனப் பெயர் பெற்ற அந்த நொதி, 129 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். மேற்சொன்ன இரு சர்க்கரைகளுக்கு இடையேயுள்ள பிணைப்பை நீரைச் சேர்த்து அறுப்பது அதன் தொழில். இன்று ஆய்வகங்களுக்கு வரும் வெண்பொடி பெரும்பாலும் கோழிமுட்டையின் வெண்கருவிலிருந்து பிரிக்கப்பட்டதே.

நொதியின் பங்கையும் நீரின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டிய பெருமை, சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் வெய்புல் 1953-இல் வெளியிட்ட ஆய்வுக்கு உரியது. கோல் வடிவ பேசில்லஸ் மெகாடீரியம் பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு அவர் லைசோசைமைச் சேர்த்தார். வெளியேயும் உள்ளேயும் செறிவு ஏறத்தாழ ஒத்திருந்ததால் நீர் உள்ளே பாய வழியில்லை. சுவர் கரைந்த பின்னும் செல்கள் வெடிக்கவில்லை, மாறாகக் கோல்கள் யாவும் உருண்டைகளாயின. சுவரற்ற அந்த உருண்டைகளே புரோட்டோபிளாஸ்ட்கள். சர்க்கரைக் கரைசலை நீர்க்கச் செய்தால் அவை வெடித்துவிடும். செல்லுக்கு வடிவம் தருவதும் காப்பதும் சுவரே என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

எனினும் ஆய்வகங்களில் மிகுதியாகக் கையாளப்படும் ஈ.கோலை இவ்வளவு எளிதில் வழிவிடுவதில்லை. கிராம் சாய முறையில் ‘எதிர்’ வகையைச் சேர்ந்த அதன் பெப்டிடோகிளைக்கான் மிக மெல்லியதுதான். ஆனால் அதற்கும் வெளியே மற்றொரு சவ்வு இருப்பதால் லைசோசைம் அதை எட்ட முடிவதில்லை. அந்த வெளிச்சவ்வின் மூலக்கூறுகளைப் பிணைத்து வைப்பவற்றுள் மக்னீசியம், கால்சியம் அயனிகள் முக்கியமானவை. அவற்றைக் கவர்ந்துகொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் சவ்வு நெகிழ்ந்து நொதிக்கு இடம் தருகிறது. மையவிலக்கியில் சுழற்றிய குழாயின் அடியில் படிந்த பழுப்பு வெண்மையான செல்திரளை, கார அமிலத்தன்மை (pH) 8 அளவிலுள்ள தாங்கல் கரைசலில் கலக்கி, மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் லைசோசைம் இட்டுப் பனிக்கட்டியில் அரைமணி நேரம் வைப்பது பரவலான நடைமுறை. செல்கள் உடைந்தனவா என்பதைக் கருவியின்றியே அறியலாம்: பால்போல் இருந்த கலங்கல் மங்கித் தெளியும், பிப்பெட்டால் உறிஞ்சினால் துளியாக விழாமல், வெண்டைக்காய்க் குழைவுபோல் நூலாக இழுபடும். வெளிவந்த டி.என்.ஏ.தான் அந்த வழவழப்பு. புரதம் மட்டும் வேண்டுவோர் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் மற்றொரு நொதியை இட்டு அதைப் போக்குவர்.

லைசோசைமுக்கு அடங்காத சுவர்களும் உள. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் மியூராமிக் அமிலத்தின்மீது அசிட்டைல் தொகுதி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவைப்பதால் நொதியின் பிடி அங்கே நழுவிவிடுகிறது. அந்தச் சுவரின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: குறுக்கிணைப்புகள் ஐந்து கிளைசின்களாலான பாலங்கள். அப்பாலங்களையே குறிவைத்து வெட்டும் லைசோஸ்டஃபின், 1964-இல் அறியப்பட்டது. அதைச் சுரப்பதும் மற்றொரு ஸ்டஃபைலோகாக்கஸ்தான், தன் இனத்தாரோடு போட்டியிட அது ஏந்திய ஆயுதம். காசநோய்க் கிருமியின் வகையினவோ மெழுகு போன்ற மைக்காலிக் அமிலப் போர்வையை மேலே போர்த்தியிருப்பதால், அவற்றில் நொதியை மட்டும் நம்புவது பெரும்பாலும் வீண். மணிகளோடு சேர்த்துக் குலுக்கி நொறுக்கும் பழைய முறையே அங்கு இன்னும் கைகொடுக்கிறது.

மென்மையான இம்முறைக்கும் ஒரு சிறு தொல்லை உண்டு. வேலை முடிந்த பின்னும் நொதி கரைசலிலேயே தங்கிவிடுகிறது. பிரித்தெடுத்த புரதங்களை மின்புலத்தில் கூழின் ஊடே அளவுவாரியாக ஓடவிடும்போது, சுமார் 14 கிலோடால்டன் இடத்தில் தெளிவான பட்டை ஒன்று தோன்றும். புதியவர் அதைத் தம் பாக்டீரியாவின் புரதமென்று குறித்துவைப்பார், அனுபவமுள்ளவரோ அது கோழிமுட்டையிலிருந்து வந்த லைசோசைம் என்று கண்டு அடுத்த பட்டைக்குப் போவார்.