சோழகக் காற்றும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் இருக்கும் விசுவமடு, தோட்டக்காரரின் ஊர். குளமும் கிணறும் வயலும் மேட்டுநிலப் பயிரும்தான் அதன் சீவியம். கடல் அங்கிருந்து கண்ணுக்கு எட்டாது. ஆனாலும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்த மெசினும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து புறப்பட்ட போட்டின் எஞ்சினும் நெடுங்காலம் ஒரே எண்ணெயைக் குடித்தே ஓடின. அது மண்ணெண்ணெய். 1990இற்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பாடானபோது இரண்டு தொழிலும் சேர்ந்தே தள்ளாடின. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோதும் இரு தரப்பும்தான் அடிபட்டது.

தோட்டக்காரருக்கு மின்சார மோட்டார், சூரியவொளிப் பம்பி என்று மாற்றுவழி உண்டு. கடலுக்கு மின்கம்பி இழுக்க முடியாது. அதனால் கடற்றொழிலாளிக்கு முன்னால் இருக்கும் கேள்வி கடுமையானது: ஒரு லீற்றர் எண்ணெயில் இன்னும் அதிக தூரம் போய்வர வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த வழி எஞ்சினுக்குள் பாதியும் பாய்க்குள் பாதியுமாகக் கிடக்கிறது.

எண்ணெய் எங்கே போகிறது?

கரையில் ஒரு பைபர் போட் புறப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். கடையாரில் பூட்டிய வெளியிணைப்பு இயந்திரம் முதலில் பெற்றோலில்தான் முழங்கத் தொடங்கும். எஞ்சின் சூடேறியதும் ஓட்டி குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். திரும்பிவந்து நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுவார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாவதில்லை. கார்புரேட்டரில் அது தங்கிவிட்டால் அடுத்த நாள் எஞ்சின் எளிதில் இயங்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அதை அதிகம் அமுக்கினால், பொறி பற்றவைத்த தீ வந்து சேரும் முன்னரே ஒழுங்கின்றி வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆகவே மண்ணெண்ணெய் எஞ்சின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். அமுக்கம் குறைந்தால் எரிபொருளின் சக்தியில் வேலையாக மாறும் பங்கும் குறையும். இதற்கு மேல் ‘டூ ஸ்ட்ரோக்’ அமைப்பின் இழப்பு. பழைய கார்புரேட்டர் வகையில் புதுக் கலவை உள்ளே வரும் வாசலும் எரிந்த புகை வெளியேறும் வாசலும் ஒரே வேளையில் திறந்திருக்கும். உள்ளே வந்த எண்ணெயில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே புகையோடு போய்விடும். படகின் பின்னால் நீர்மேல் மினுங்கும் எண்ணெய்ப்படலம் அப்படிப் போன காசுதான்.

அதே வலுவுக்கு டீசல் எஞ்சின் ஏறத்தாழ அரைவாசி எண்ணெயே குடிக்கும். தமிழ்நாட்டுக் கரையில் ‘லாங் டெயில்’ எனப்படும் நீண்ட தண்டு டீசல் எஞ்சின் பரவியதற்கு இதுவே பெரிய காரணம். காற்றால் குளிரும் சிறிய எஞ்சின் படகின் மேலே இருக்கும். நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும். வலை குறுக்கிட்டாலோ கரை நெருங்கினாலோ தண்டைத் தூக்கிக்கொள்ளலாம்.

தூக்கிக்கொள்வது என்பது சிறிய விடயமல்ல. முல்லைத்தீவுக் கரையின் பெரும்பகுதி திறந்த மணற்கரை. அலையை வெட்டிப் புறப்பட்டு, அலையோடு ஓடிவந்து மணலில் ஏற வேண்டும். படகின் அடியில் நிரந்தரமாகப் பூட்டிய விசிறி அங்கே ஒருநாள்கூட நிலைக்காது. எண்ணெயை இவ்வளவு தின்றும் வெளியிணைப்பு இயந்திரம் வென்றதற்கு அதுவே காரணம்: எடை குறைவு, ஒரு கையால் நிமிர்த்திவிடலாம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 1979இல் சென்னையைத் தளமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. படகுக்குள் இருக்கும் சிறிய டீசல் எஞ்சின், தண்டு, விசிறி மூன்றையும் ஒன்றாகச் சாய்த்து உயர்த்தும் அமைப்பை அங்கிருந்த பொறியியலாளர்கள் உருவாக்கினார்கள். தண்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாதபடி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. டீசலின் சிக்கனமும் கரையேறும் வசதியும் ஒரே படகில் சேர முடியும் என்பதை அது காட்டியது.

வேகத்துக்கு விலை

எஞ்சினை மாற்றாமலே எண்ணெயை மிச்சம்பிடிக்கவும் முடியும். நீரைக் கிழித்துப் போகும் படகு தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது படகு தன் அலையிலேயே அகப்பட்டு, மேட்டில் ஏறுவதுபோல் அணியம் தூக்கி நிற்கும். நீர்மட்டத்தில் ஐந்தரை மீற்றர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குப் பத்தரைக் கிலோமீற்றர் அளவில் வரும். இதைத் தாண்டி நீரின் மேல் வழுக்கி ஓட வேண்டுமானால் வலு பல மடங்கு வேண்டும். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய படகு பல வேளைகளில் அந்த நிலைக்குப் போகாமலே, எல்லையில் நின்று எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கும்.

எல்லைக்குக் கீழே தேவைப்படும் வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ ஒத்துப் போகும். மணிக்கு 10 கிலோமீற்றரில் போகும் படகு 8 கிலோமீற்றருக்கு இறங்கினால் வேண்டிய வலு பாதியாகிவிடும். 10 கிலோமீற்றர் தூரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். போகும்போது அவசரமில்லாத நாளில் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்துவதற்கு எந்த மூலதனமும் வேண்டியதில்லை. படகின் அடியில் பிடித்த பாசியையும் மட்டியையும் சுரண்டிவிடுவதும் அப்படியே. சொரசொரப்பான அடிப்பாகம் கூடுதல் நீரை இழுத்துக்கொண்டு போகும்.

விசிறியிலும் இழப்பு இருக்கிறது. சேற்று வயலில் நுனிக்காலால் உந்தினால் கால்தான் புதையும், பாதம் முழுவதையும் ஊன்றினால் உடம்பு முன்னே போகும். நீரிலும் அதே கணக்கு. சிறிய விசிறி கொஞ்ச நீரை மிக வேகமாகப் பின்னே எறிகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று நிறைய நீரை மெல்லத் தள்ளுகிறது. பாரம் ஏற்றிப் போகும் படகுக்கு இரண்டாவதே சிக்கனம். விரைந்தோடும் உல்லாசப் படகுக்கு என்று வந்த விசிறியை அப்படியே வைத்திருப்பதைவிட, பாரத்துக்கு ஏற்ற விசிறியைக் கேட்டு வாங்கிப் பூட்டுவது நல்லது.

பாய்க்கு என்ன வலு?

பாய் என்றதும் பழங்காலம் என்று நினைப்பவர் பலர். கணக்குப் பார்த்தால் எண்ணம் மாறும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, பத்துச் சதுர மீற்றர் பாயில் 16, 17 கிலோ பாரத்துக்கு ஈடான விசையைக் கொடுக்கும். படகு மணிக்கு 7 கிலோமீற்றரில் போகும்போது அது சுமார் ஒரு குதிரைவலு எஞ்சினின் வேலை. 15 குதிரைவலு எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் இது அற்பமாகத் தெரியும். ஆனால் 7 கிலோமீற்றர் வேகத்துக்கு அந்தப் படகு கேட்பதே ஒன்றிரண்டு குதிரைவலுதான். காற்று இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். ஆக, பாயும் மெதுவாக ஓடும் எஞ்சினும் நல்ல கூட்டாளிகள். முழு வேகத்தில் ஓடும் எஞ்சினோடு பாய் கட்டினால் அது வெறுமனே படபடக்கும்.

முல்லைத்தீவுக் கடலின் காற்றுக்கு ஒரு தனி ஒழுங்கு இருக்கிறது. மேற்குக் கரையில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், இந்தக் கிழக்குக் கரையில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளர் பருவத்துக்குப் பருவம் நாயாறு, கொக்கிளாய் வரை வந்து வாடி போடுவது இதனால்தான். இந்தக் காலத்தில் விடியமுன் புறப்பட்டு நண்பகலுக்குப் பின் திரும்பும் தூண்டில் தொழிலுக்குக் காற்று துணை நிற்கும்: தரைக்காற்று வெளியே கொண்டுபோகும், சோழகம் தணிந்த நாளில் பின்னேரக் கடற்காற்று திருப்பிக் கொண்டுவரும். மாலையில் வலை விட்டு விடியலில் திரும்புபவருக்கு அதே காற்று இரண்டு முறையும் எதிராக நிற்கும். அவருக்கு எஞ்சின்தான் கைகொடுக்கும். வடகிழக்கு வாடைக் காலத்துப் பெருங்கடலில் பாயை விரிக்கவே கூடாது.

எதிர்க்காற்றில் கோணம் வைத்து முன்னேற வேண்டுமானால் பாய் மட்டும் போதாது. படகு பக்கவாட்டில் ஒதுங்கிப் போகாமல் நீருக்குள் ஒரு பலகை தடுத்துப் பிடிக்க வேண்டும். பழைய கட்டுமரத்தில் மரங்களுக்கிடையே பலகையைச் செருகிப் பிடித்தார்கள். தட்டையான அடியுள்ள பைபர் படகில் அந்தப் பலகை இல்லை. அதனால்தான் அதில் பாய் கட்டியவர் பலர் காற்று போன திசைக்கே போய்ச் சேர்ந்தனர். இதற்கு வழி உண்டு: படகின் விளிம்பில் மாட்டிக் கழற்றும் ஒரு பக்கப்பலகை, படகுக்குள்ளேயே படுக்க வைக்கக்கூடிய குட்டையான பாய்மரம், குறுக்கே சாய்த்து விரிக்கும் ஒரு கழி, அதில் நாலுமூலைப் பாய். இந்த அமைப்பில் காற்றின் விசை தாழ்வாக விழும், படகு கவிழும் ஆபத்து குறையும். முன்பு பருத்திப் பாயை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து உக்காமல் காத்தார்கள். நாளடைவில் அது இழுபட்டுத் தொய்யும். இன்றைய பொலியெஸ்டர் துணி வெட்டிய வளைவிலேயே நிற்கும். பாய் காற்றைத் தடுத்து மட்டும் தள்ளுவதில்லை, பறவையின் சிறகைப்போல வளைவால் இழுக்கிறது. ஆகவே வளைவு கெடாத துணி என்பது வலு கெடாத எஞ்சின்.

நீர்கொழும்பின் ‘ஒருவ’ என்ற பாய்ப்படகுகளில் இந்த அறிவு உச்சம் தொட்டிருந்தது. படகின் ஒரு பக்கத்தில் பூட்டிய மிதவைக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கும். திசை மாற வேண்டுமானால் படகைத் திருப்பாமல் முன்னையும் பின்னையும் மாற்றிக்கொள்வார்கள். மிதவையின் கழியில் எத்தனை பேர் ஏறி உட்கார வேண்டும் என்பதைக் கொண்டு ‘ஒரு ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’ என்று காற்றையே அளந்தார்கள். நம் வடகரைக்கும் அந்தப் பெருமை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் கிளவுஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பாய்க்கு எண்ணெய்க் கணக்கைவிடப் பெரிய நியாயம் ஒன்றிருக்கிறது. தரையிலிருந்து வீசும் சோழகத்தில் எஞ்சின் நின்றுபோனால் படகு ஒவ்வொரு மணியும் கரையைவிட்டு விலகிப் போகும். பக்கப்பலகையோடு கூடிய சின்னப் பாய் அந்த வேளையில் உயிர் காக்கும். ஒவ்வொரு படகிலும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பதுபோல் அதுவும் இருக்க வேண்டும்.

நம் கையில் இருந்தவை

குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்று, அங்குள்ள மக்களிடம் உதவி திரட்டி, 1967இல் காரைநகரில் ‘சீநோர்’ நிறுவனத்துக்கு வித்திட்டார். காரைநகரில் படகுக் கட்டுமானம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என்று அது வளர்ந்தது. பைபர் படகு வடக்கில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அக்கரையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியியலாளர் பியர் ஜில்லே, கட்டுமரத்துக்கான எடை குறைந்த மரம் அருகிவந்தபோது, கடற்றொழிலாளரோடு கூட இருந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். ஒவ்வொரு மாதிரியையும் அவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொன்ன பின்னரே அடுத்தது பிறந்தது. அந்தப் படகுகள் நிலைத்ததற்கு அந்தப் பொறுமையே காரணம்.

வன்னிக் கரைக்கு அப்படியொரு வாய்ப்பு அமையவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை படகுகளை அள்ளிப் போனது. 2009 போர் எஞ்சியதையும் கொண்டுபோனது. மீளக் குடியேறியவருக்கு உதவியாகக் கிடைத்த படகும் எஞ்சினும் அவசரத்தில் கிடைத்தவை. எந்தக் கடலுக்கு, எந்தத் தொழிலுக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டு வடிவமைக்க அன்று நேரம் இருக்கவில்லை. இன்று அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

மின்சாரம் வருமா?

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 மின் அலகுக்குரிய சக்தி இருக்கிறது. பழைய எஞ்சின் அதில் ஒன்றரை அலகளவே தண்டுக்குக் கொடுக்கும். அதே வேலைக்கு லிதியம் பற்றரி 10 முதல் 12 கிலோ வேண்டும். 20 லீற்றர் எரிக்கும் ஆழ்கடல் பயணத்துக்கு இருநூறு கிலோவுக்கு மேல் பற்றரி ஏற்ற வேண்டும், அது ஆகாத காரியம். ஆனால் இரண்டு மூன்று லீற்றரில் முடியும் கடல்நீரேரித் தொழிலுக்கு 30 கிலோ போதும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஏரிகள் ஆழம் குறைந்தவை, தூரம் குறைந்தவை. கரையில் சூரியத் தகடு வைத்துப் பற்றரி ஏற்றலாம். கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியவொளிப் படகு 75 பேரை ஏற்றிக் காயலைக் கடந்து வருகிறது. ஏரிக்கு மின்சாரம், வெளிக்கடலுக்குச் சிக்கனமான எஞ்சினும் துணைப்பாயும் என்று பிரித்துப் பார்ப்பதே அறிவு.

இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு நேர்மையான பரிசோதனை. ஒரே அளவான சில படகுகள். ஒன்றில் இப்போதுள்ள எஞ்சின், ஒன்றில் தூக்கக்கூடிய டீசல், ஒன்றில் பாயும் பக்கப்பலகையும். ஒரு சோழகப் பருவம் முழுவதும் போன தூரம், எரித்த எண்ணெய், பிடித்த மீன், பட்ட சிரமம் நான்கையும் கொப்பியில் எழுதுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. கடற்றொழிலாளர் சங்கங்கள் கரையெங்கும் இருக்கின்றன. படகை ஓட்டுபவரும் கணக்குப் போடுபவரும் ஒரே படகில் ஏற வேண்டும். எந்த எஞ்சின், எந்தப் பாய் என்ற தீர்ப்பை அந்தக் கொப்பியைப் பார்த்துக் கடற்றொழிலாளரே சொல்லட்டும். அடுத்த உதவித் திட்டம் அதைக் கேட்ட பிறகு படகு வாங்கட்டும்.