ஆளை உருட்டிய மலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சினிமா. இல்லாவிட்டால் தூக்கம். இதுதானே நம்ம வழக்கம்? ஒரு வாரம் மட்டும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நார்த்தாமலைக்குப் போய்ப் பாருங்கள்.

புதுக்கோட்டையில் இருந்து திருச்சி போகிற ரோட்டில் சுமார் 17 கிலோமீட்டர். பங்குனித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோவிலுக்கு வந்தவர்கள் ஏராளம். ஆனால் கோவிலோடு திரும்பி விடுகிறார்கள். பின்னால் இருக்கிற காட்டையும் மலையையும் யார் பார்த்தார்கள்?

மன்னர் காலத்திலேயே இது காவல் காடு. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காடு இன்றும் வனத்துறை வசம் இருக்கிறது. உசிலையும் காரையும் முள்ளுமாக வறண்ட காடுதான். புலி, யானை கிடையாது, பயம் வேண்டாம். மயில் உண்டு. குரங்கு உண்டு. சோற்றுப் பையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுங்கள்!

9 மலைகள்

மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பொம்மமலை, பொன்மலை என்று மொத்தம் 9 மலைகள். அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் இருந்து உதிர்ந்த துண்டுகள் என்பது ஊர்ப்பேச்சு. இதில் ஒன்றுக்கு ஆளுருட்டி மலை என்று பெயர். குற்றவாளிகளை உச்சியில் இருந்து உருட்டி விட்டார்களாம்! அதே மலையில்தான் சமண சிற்பங்களும் இருக்கின்றன. எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள் இருந்த இடத்துக்கு இப்படி ஒரு பெயர்.

ஏற வேண்டியது மேலமலை. வழுவழுப்பான பாறை, மெதுவாக நடந்தாலும் அரைமணி நேரம் போதும். உச்சிக்குப் போகும் வழியில் சுனை இருக்கிறது. தண்ணீருக்குள் ஒரு குகை, அதில் சிவலிங்கம். தண்ணீரை இறைத்தால்தான் கண்ணில் படும். குளிக்கலாமே என்று இறங்கி விடாதீர்கள். பாறை வழுக்கும், ஆழமும் தெரியாது.

மேலே போனால் விஜயாலய சோழீஸ்வரம். சோழன் பெயர் இருந்தாலும், கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர். மழை இடியில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் திருப்பிக் கட்டினார். கல்வெட்டே சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே பாறையைக் குடைந்து 2 குகைக் கோவில்கள். ஒன்றில் 12 விஷ்ணு சிலைகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. அந்தக் குகைக்குப் பெயரோ சமணர் குடகு!

பெயர் எழுதும் பெருமக்கள்

ஆயிரம் வருஷக் கல்லில் தன் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்குகிற ஆசாமிகளை என்ன செய்வது? இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 2010-ல் திருத்திய சட்டப்படி சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காதலுக்கு இவ்வளவு செலவு தேவையா?

காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தாலே போதும். சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். பாட்டிலை உடைத்துப் போட்டால், செருப்பில்லாமல் ஆடு மேய்க்கிறவர் காலில்தான் ஏறும்.

சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள் ஏராளம். நேற்று குன்றாக நின்றது இன்று ஜல்லியாக லாரியில் போகிறது. உச்சியில் நின்றால் அந்தப் பள்ளங்களும் தெரியும்.

மேலே கடை கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்தான். காலை 7 மணிக்கே ஏறி விடுங்கள். இருட்டும் வரை உட்காராதீர்கள். பஸ்சும் போய்விடும்.