புது ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா?



ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குகிறோம். சென்ட்ரலில் லோக்கல் ரயில் ஏறி வேப்பம்பட்டு வந்து சேர்ந்ததும் கேபினெட்டைத் திறந்து மாட்டி, ஸ்விட்சைப் போட்டால், திரையில் பழைய ‘சி’ டிரைவ் மட்டும்தான் இருக்கிறது. புதுசைக் காணோம். உடனே பக்கத்தில் நிற்கும் நண்பர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “மச்சான், டிஸ்க் டெட்!”

மறுநாள் கிளாஸுக்கு லீவு போட்டு அதே கடைக்குத் திரும்பப் போனால், கடைக்காரர் தன் மெஷினில் மாட்டிப் பார்த்து, “நல்லாத்தானே தம்பி இருக்கு” என்பார். இதில் போவது ஒரு நாளும் ரயில் காசும்தான். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. திரையில் வரும் கேள்வியைப் படிக்காமல் ‘ஓ.கே.’ கொடுத்து, டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த ஃபைனல் இயர் ப்ராஜக்டை இழப்பது. இந்த இரண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

மூன்று ஸ்டேஷன்கள்

வேப்பம்பட்டுக்கு வர வேண்டிய லோக்கல் வரவில்லை என்றால் நாம் என்ன கேட்போம்? “ஆவடி தாண்டிடுச்சா? திருநின்றவூர் வந்துச்சா?” கடைசியாக எந்த ஸ்டேஷனில் பார்த்தார்கள் என்று தெரிந்தால், எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். டிஸ்க்குக்கும் இதே கணக்குதான். அது மூன்று ஸ்டேஷன்களைத் தாண்டி வர வேண்டும். முதலாவது பயாஸ். இரண்டாவது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட். மூன்றாவது நாம் தினமும் பார்க்கும் ‘திஸ் பிசி’. மூன்றாவதில் தெரியவில்லை என்பதற்காக முதலாவதற்கே வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

முதல் ஸ்டேஷன்: பயாஸ்

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே பெரும்பாலான மெஷின்களில் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டினால் பயாஸ் திரை வரும். அங்கே ஸ்டோரேஜ் பட்டியலில் புது டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பவரும் கேபிளும் சரியாக இருக்கின்றன. கேபினெட்டை மறுபடி திறக்க வேண்டாம், நேராக இரண்டாம் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

பெயர் இல்லை என்றால் கோளாறு வயரிங் பக்கம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டால் உடம்பிலுள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும்.

சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு கனெக்டர்கள் உண்டு. அகலமானது பவருக்கு, 15 பின். சின்னது டேட்டாவுக்கு, 7 பின். மோட்டார் உள்ள டிஸ்க் என்றால், ஆன் செய்யும்போது அதன் பக்கவாட்டில் லேசாக விரலை வைத்துப் பாருங்கள். சுற்றும் அதிர்வு தெரியவில்லை என்றால் முதலில் பவரைச் சந்தேகிக்கலாம். சுற்றுகிறது, ஆனால் பயாஸில் வரவில்லை என்றால் டேட்டா கேபிளையும் போர்ட்டையும் சந்தேகிக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. அங்கே இந்தச் சோதனை பலிக்காது.

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஒழுங்காக வேலை செய்யும் பழைய டிஸ்க்கின் கேபிள்களை, அதே போர்ட்டில் வைத்தபடியே, புது டிஸ்க்குக்கு மாட்டுங்கள். இப்போது பயாஸில் தெரிந்தால் டிஸ்க் நல்லது. முன்பு மாட்டிய கேபிளோ போர்ட்டோதான் குற்றவாளி. இதிலும் தெரியவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் இல்லையா? இப்போது பில்லை எடுத்துக்கொண்டு தைரியமாகக் கடைக்குப் போகலாம்.

இந்த ஸ்டேஷனிலேயே டிஸ்க்கை நிறுத்திவிடும் வேறு சில காரணங்களும் உண்டு. சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒரு கார்டு போட்டால், ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாகவே அணைந்துவிடும். எம்.2 கார்டிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. மதர்போர்டு மேனுவலில் ஒரு பக்கம் படித்தால் இந்தச் சந்தேகம் தீரும். சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் சில பெரிய டிஸ்க்குகள், பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுற்றாமலே நிற்கும். அது பழுது இல்லை. தூரத்திலிருந்தே டிஸ்க்கை அணைத்துப் போடுவதற்காக வைத்த வசதி.

ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸில், வேறு கம்பெனியின் பவர் கேபிளை மாட்டவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வோல்டேஜ் வரிசை மாறியிருக்கலாம். நல்ல டிஸ்க் ஒரே நொடியில் உண்மையாகவே ‘டெட்’ ஆகிவிடும்.

இரண்டாம் ஸ்டேஷன்: டிஸ்க் மேனேஜ்மென்ட்

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒரு வரி வரும். அதைத் திறந்து கீழ்ப்பாதியைப் பாருங்கள். புது டிஸ்க் பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும், ‘நாட் இனிஷியலைஸ்டு’, ‘அன்அலகேட்டட்’ என்ற பட்டத்தோடு. வேலி போடாத, பட்டா எண் தராத வெறும் மனை மாதிரி. மனை இருக்கிறது, விலாசம்தான் இல்லை.

‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை. டிஸ்க் கவர் பிரிக்காத புதுசு என்றால் தாராளமாகச் செய்யலாம். அது நண்பரிடம் வாங்கியது, அல்லது வேறு மெஷினிலிருந்து கழற்றியது என்றால் கையை எடுத்துவிடுங்கள். இனிஷியலைஸ் செய்தால் டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் புதிதாக எழுதப்படும். பழைய ஃபைல்களைத் தேடி எடுப்பது பெரும்பாடு. ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டாலும் இதே நிதானம் வேண்டும். லினக்ஸில் பயன்படுத்திய டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியாது, அதனால் ஃபார்மட் செய்யச் சொல்லும். அதையே ஒரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் எல்லா ஃபைலும் பத்திரமாக இருப்பதைப் பார்க்கலாம்.

எம்.பி.ஆரா, ஜி.பி.டி.யா என்று கேட்டால், இப்போதைய மெஷின்களுக்கு ஜி.பி.டி.தான். எம்.பி.ஆர். முறையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்டுகள்தான் இடம். 512 பைட் செக்டார் என்றால் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. பழைய பயாஸ் மட்டுமே உள்ள மெஷினில் விண்டோஸ் பூட் ஆக வேண்டும் என்றால் எம்.பி.ஆர். தேவைப்படும்.

மூன்றாம் ஸ்டேஷன்: திஸ் பிசி

காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்தால், ஃபார்மட் ஆகி ஒரு எழுத்தும் கிடைத்துவிடும். பகுதி ஏற்கெனவே இருந்தும் எழுத்து மட்டும் இல்லை என்றால், ஃபார்மட் செய்யாமல் எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

500 ஜி.பி. டிஸ்க் 465 என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா என்று பயப்பட வேண்டாம். கம்பெனி 1000-ஆல் பெருக்குகிறது. விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஒரு டெராபைட் 931 ஆவதும் இப்படித்தான்.

நம் ஊர் லேப்டாப்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது நமக்கு மிக அருகில், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அந்த நாளைய லேப்டாப்பை அண்ணன், அக்காவிடமிருந்து வாங்கி, எஸ்.எஸ்.டி. போட்டு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அதற்கு வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. சில லேப்டாப்களில் பழைய டிஸ்க்கின் முனையில் ஒரு சின்ன அடாப்டர் மாட்டியிருக்கும். டிஸ்க்கைக் கழற்றும்போது அதுவும் கூடவே வந்துவிடும். அதைப் பிடுங்கிப் புதியதில் மாட்டாவிட்டால் பயாஸ் எதையும் காட்டாது.

புது லேப்டாப்பில் பிரச்சினை வேறு விதம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பட்டியல் காலியாக வரும். பயாஸில் மட்டும் டிஸ்க் தெரியும். லேப்டாப் கம்பெனியின் வலைத்தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் எடுத்து வந்து, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

பழைய கதையும் கொஞ்சம்

டிஸ்க்கை முழுசாக அடையாளம் காணாத பிரச்சினை இன்று பிறந்ததல்ல. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். பிறகு வந்த ஐ.டி.இ. காலத்தில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் போட்டால், ஜம்பரை வைத்து ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றால் இரண்டுமே காணாமல் போகலாம். 1990-களின் பயாஸ்கள் 528 எம்.பி.யிலும், பிறகு 8.4 ஜி.பி.யிலும், அப்புறம் 137 ஜி.பி.யிலும் முட்டி நின்றன. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பயிற்சிக்குப் போகும்போது, பழைய மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் ஒன்று கையில் வந்தால் இந்த ஜம்பர் பாடம் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய டேட்டா உள்ள டிஸ்க் ‘டக்... டக்...’ என்று திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் கொடுத்தால், சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சம் இருப்பதும் கெடும். புது டிஸ்க் போனால் வாரன்டியில் வேறு கிடைக்கும். இரவெல்லாம் விழித்து எழுதிய ப்ராஜக்டுக்கு எந்தக் கடையிலும் வாரன்டி கிடையாது. எனவே புது டிஸ்க் வேலை செய்யத் தொடங்கியதும் முதல் வேலையாக, பழையதில் இருப்பதன் ஒரு காப்பியை அதில் போட்டு வையுங்கள்.