வானத்திலும் சுற்றுவழி

முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது என்று ஆரணியில் ஆறாம் வகுப்புக்கு நடத்தினேன். "விமானம் நேராத்தான் போகுமா, சார்?" என்றாள் நெசவாளர் வீட்டு மாணவி. "ஆமாம்" என்றேன். அது தவறு என்று பிறகு படித்தறிந்தேன்.

வானின் சில பகுதிகள் ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவை. பயணிகள் விமானங்கள் அவற்றைச் சுற்றிச் செல்கின்றன. 2020இல் இந்திய வான்வெளியில் 60 விழுக்காடே தடையின்றிக் கிடைத்தது. கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் பயன் கிடைக்கும் என்று 2020 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்தது. பயிற்சி இல்லாத நேரத்தில் அப்பகுதியைப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடுவதே வழி.

மறுநாள் என் தவற்றைச் சொன்னேன். வரைபடத்தில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பட்டு நூலை நேராக ஒருமுறை, வளைத்து ஒருமுறை வைத்து அளந்தோம். "கூடுதலா ஆன நூல்தான் வீணாகும் எரிபொருளா, சார்?" என்றாள் அவளே.