அம்மியும் நகரும்: உராய்வை அளக்க ஓர் எளிய சோதனை

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. விடாமுயற்சியின் பெருமையைக் கூற எழுந்த இம்மொழியினுள் இயற்பியல் உண்மை ஒன்றும் பொதிந்து கிடக்கின்றது. அம்மியை மெல்லத் தள்ளினால், எத்தனை நாழிகை தள்ளினும் அது அசைவதில்லை. ஓர் எல்லை வரையில் நம் தள்ளுவிசைக்கு ஈடாக உராய்வு எதிர்நின்று தடுக்கின்றது. அடியோ ஒரு கணமே நீடிப்பினும் அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது. அதனால் அம்மி சிறிதே நகர்கின்றது. அடிகள் தொடர நகர்வும் சேர்கின்றது. இவ்வெல்லையை எவ்வாறு அளப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் உராய்வும்

உராய்தல், உரசுதல், உரைத்தல் ஆகியன ஒரு குடும்பத்துச் சொற்கள். பொன்னின் மாற்றறியும் கல் உரைகல் எனப்பட்டது. எனவே உராய்வு நமக்குப் புதிய பொருளன்று. பல்லடம் வட்டாரத்து மாணவர்க்கு அது வீட்டுப் பொருளே எனலாம். பஞ்சின் இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. நீளமே உடையது. அத்துணைக் குற்றிழைகள் கூடி முடிவற்ற நூலாவது எங்ஙனம்? முறுக்கு இழைகளை நெருக்குகின்றது. நெருங்கிய இழைகளை உராய்வு பிடித்து நிறுத்துகின்றது. குறுகிய நார்கள் முறுக்கினால் நீண்ட கயிறாவதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலிலேயே ஆராய்ந்துள்ளார்.

நூலை உருவாக்கும் அதே உராய்வு நூலை அறுக்கவும் செய்கின்றது. விசைத்தறியில் பாவு நூல் விழுதிலும் அச்சிலும் ஓயாது உரசுகின்றது. அதனைத் தாங்கவே சைசிங் ஆலையில் பாவுக்குக் கஞ்சி ஏற்றுகின்றனர். பனியன் துணி பின்னும் நூலுக்கோ கோன் சுற்றும்போதே மெழுகு பூசுகின்றனர். மெழுகு குறைந்தால் நூல் இறுகி அறும். மிகுந்தாலோ உராய்வு மீண்டும் கூடும். ஆதலின் உராய்வை அளந்தறிதல் தொழிலுக்கும் இன்றியமையாதது.

சோதனையின் அமைப்பு

ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகை, செங்கல் அளவில் ஒரு மரக்கட்டை, அளவுகோல், சில துணித்துண்டுகள் ஆகியவை போதும். கட்டையைப் பனியன் துணியால் இறுகச் சுற்றிப் பலகையின் மேல் வைக்க. பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துக. கட்டை சறுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தையும் தரைமீது அமைந்த அடிநீளத்தையும் அளக்க. உயரத்தை அடிநீளத்தால் வகுக்கக் கிடைப்பதே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். அச்சாய்வின் கோணம் சறுக்குக் கோணம் எனப்படும். உயரம் 40, அடிநீளம் 118 செ.மீ. எனின் குணகம் ஏறத்தாழ 0.34 ஆகும்.

இனி, பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே உயர்த்துக. முன்னிலும் குறைந்த சாய்விலேயே கட்டை சீரான வேகத்தில் இறங்கக் காணலாம். இது இயக்க உராய்வு. இயங்கும் பொருளின் உராய்வு ஓய்வுநிலையின் எல்லையைவிடப் பெரும்பாலும் குறைந்தே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சோதனையின் உயிர் இவ்விடத்தே உள்ளது. எடையை மாற்றும்பொழுது துணியை மாற்றலாகாது. துணியை மாற்றும்பொழுது எடையை மாற்றலாகாது. கட்டையின் மேல் மற்றொரு கட்டையைக் கட்டி எடையை இரட்டித்துப் பார்க்க. பின்பு அதனை அகன்ற பக்கத்திலும் குறுகிய பக்கத்திலும் வைத்துப் பார்க்க. இரண்டாலும் சறுக்குக் கோணம் பெரிதும் மாறாது. ஆனால் துணியை மாற்றினால் மாறும். இவ்விதிகளைப் பிரெஞ்சு அறிஞர் அமோன்டன் 1699இல் வெளியிட்டார். கூலும் 1781இல் விரிவான சோதனைகளால் உறுதி செய்தார்.

ஒவ்வோர் அளவையும் ஐந்து முறை எடுத்துச் சராசரி காண்க.

கோணமா, காலமா?

சறுக்கும் நேரத்தைக் கொண்டும் இயக்க உராய்வைக் கணிக்கலாம். உயரம் 75, அடிநீளம் 100 செ.மீ. ஆகப் பலகை நிற்க, கட்டை 1 மீட்டர் தொலைவை 1 வினாடியில் கடந்தது எனக் கொள்வோம். முடுக்கம், தொலைவின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பதாதலின் 2 மீ/வி² ஆகும். குணகம் ஏறத்தாழ 0.5. ஆனால் கைப்பேசியின் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிழைத்தால் என்னாகும்? 0.8 வினாடி எனின் குணகம் 0.35, 1.2 எனின் 0.57. விரலின் சிறு தடுமாற்றம் விடையையே புரட்டிவிடுகின்றது. ஆகவே கையால் அளப்போர்க்குக் கோணமுறையே நன்று. எதனை அளப்பது எனத் தேர்வதும் சோதனை அமைப்பின் ஒரு பகுதியே.

நூலைச் சுற்றிப் பார்த்தல்

கிடையாக நிறுத்திய உருண்டைக் கம்பியின் மேல் தடித்த தையல் நூலைத் தொங்கவிட்டு, ஒருபுறம் 10 கிராம் எடை கட்டுக. மறுபுறம் சிறு குவளை கட்டி, நூல் வழுக்கும் வரை அரிசியிட்டு நிறுத்துப் பார்க்க. குணகம் 0.3 எனின் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 26 கிராம் வேண்டும். நூலை இன்னும் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் 169 கிராம் தேவைப்படும். சுற்று கூடக் கூட விசை கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணித்த விதி இது. மெழுகினால் குணகம் 0.15 ஆகக் குறைந்தால் அதே ஒன்றரைச் சுற்றுக்கு 41 கிராமே போதும். பின்னலாடைத் தொழில் மெழுகை நாடும் காரணம் இப்போது விளங்கும்.

முடிவுரை

செய்முறைக் குறிப்பேட்டில் பாடநூலின் விடையை முதலில் எழுதி, அதற்கேற்ப அளவுகளைப் பின்னர் நிரப்பும் வழக்கம் மாணவரிடையே உண்டு. மதிப்பெண் வரலாம், அறிவு வாராது. பல்லடத்துப் பலகையும் பனியன் துணியும் தரும் எண் பாடநூலில் இருக்க வேண்டுவதில்லை. ஐந்து முறையும் வெவ்வேறாக வந்தால் ஐந்தையும் எழுதுக. வேறுபாட்டின் காரணத்தைத் தேடுக. அத்தேடலுக்கு ஆங்கிலம் அறியாமை தடையன்று. உராய்வு, சறுக்கம், சாய்தளம், குணகம் எனும் சொற்கள் நம் கையில் உள்ளன. தறியோசை கேட்டு வளர்ந்த மாணவர் தம் வீட்டு நூலையே கருவியாகக் கொண்டு தமிழிலேயே சிந்தித்து அளக்கத் தொடங்குவாராயின், அறிவியல் தமிழ் மேடைப் பேச்சாக நில்லாது செயலாக மலரும்.